பனிக்கடி என்றால் என்ன, விரல் ஏன் கறுக்கிறது?

கனடாவில் இருக்கும் பிள்ளைக்குப் பனிக்கடி என்றால், வன்னியில் இருக்கும் எங்களுக்கு ஏதோ பூச்சி கடித்தது போலத்தான் கேட்கும். கடும் குளிரில் தோலும் அதன் கீழுள்ள சதையும் உறைந்துபோவதே பனிக்கடி.

குளிர் கூடும்போது இதயம், மூளையின் சூட்டைக் காக்க, கை கால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களை உடம்பு சுருக்கிவிடும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலின் கடைசி வயல்தானே முதலில் காயும்? அப்படித்தான் விரலும் மூக்கு நுனியும் காதும் முதலில் அடிபடும். இரத்தம் குறைந்த சதைக்குள் பனித்துகள்கள் உருவாகி உயிரணுக்களைச் சிதைக்கும். முதலில் குத்தும், அப்புறம் மரத்துவிடும். வலி நின்றதும் பலர் ‘சரி, மாறிவிட்டது’ என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் ஆபத்தான கட்டம். முற்றினால் கொப்புளம் வரும், சதை செத்துக் கறுக்கும், விரலையே எடுக்க நேரலாம்.

தேய்த்தாலோ நெருப்பில் காட்டினாலோ சரியாகும் என்பது தவறு: உறைந்த சதை மேலும் சிதையும், மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. அடிபட்ட இடத்தை 37 முதல் 39 பாகை செல்சியஸ் இளஞ்சூட்டு நீரில் வைத்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.