அந்த சார்ட்டைச் செய்தது யார்?

கேள்வி: என் மகள் எங்கள் ஊரில் சிஸ்டர்கள் நடத்தும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அரசு உதவி பெறும் பள்ளி. ரேங்க் கிடையாது, வீட்டுப்பாடம் பேருக்குத்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தமிழில் 'மொட்டு' நிலை என்கிறார்கள். எதிர்வீட்டுப் பையன் கிருஷ்ணகிரியில் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு வேனில் போகிறான், இங்கிலீஷில் பேசுகிறான். இங்கேயோ இலை பொறுக்கி வா, பாட்டியிடம் கேட்டு வா என்று எதையாவது கொடுக்கிறார்கள். போன பருவத்தில் 'நம் ஊர் தானியங்கள்' என்று ஒன்று. எனக்கு நேரமில்லாமல் ஜெராக்ஸ் கடையில் படம் வாங்கி நானே சார்ட்டில் ஒட்டி அனுப்பினேன். டீச்சர் கேட்டதற்கு இவள் பதில் சொல்லாமல் நின்றாளாம், மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். காலையில் ஜெபம் வேறு. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட். வீட்டில் நானும் அத்தையும்தான். டி.சி. வாங்கிவிடலாமா?
— பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: டி.சி. பேச்சு அப்புறம். முதலில் அந்த சார்ட்டைப் பற்றிப் பேசுவோம்.

பருவத் தேர்வு முடிந்ததும் இதே புகாரோடு எனக்குக் கடிதங்கள் வரும். ரேங்க் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் பேசுகிறது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'நானே சார்ட்டில் ஒட்டி அனுப்பினேன்.' அதற்கு அடுத்த வரியிலேயே பிள்ளை பதில் சொல்லாமல் நின்றதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள் அம்மா.

டீச்சர் என்ன கேட்டிருப்பார்? 'பாட்டி என்ன சொன்னாங்க?' என்றுதான் கேட்டிருப்பார். உங்கள் மகள் என்ன சொல்ல முடியும்? பாட்டி சொன்னார் என்றால் பொய். அம்மா கடையில் வாங்கி ஒட்டினார் என்றால் உங்களுக்குத் தலைக்குனிவு. எட்டு வயதுப் பிள்ளை, அத்தனை பேர் முன்னால், உங்களைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். நீங்களோ அதை அவளுடைய குறையாகவும் பள்ளியின் குறையாகவும் எனக்கு எழுதுகிறீர்கள். குறைந்த அந்த மதிப்பெண் உங்களுடையது.

இன்னொன்றும் கேட்கிறேன். ராகியைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னால், காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டுக்கு ஜெராக்ஸ் கடை எதற்கு? அத்தை வீட்டில்தானே இருக்கிறார்? ஆடியில் மழை பார்த்து விதைத்தது, ராகிக்கு நடுவே அவரைச் சால் விட்டது, கதிர் அறுத்துக் களத்தில் அடித்தது, ஒரு வள்ளத்துக்கு எத்தனை படி என்று அளந்தது, களி கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவது எப்படி என்பது வரை, அவர் வயதில் இந்தப் பக்கத்துப் பெண்கள் அறியாதது எது? அரை மணி நேரம் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் தமிழும் கணக்கும் சூழ்நிலையியலும் ஒரே மூச்சில் நடந்திருக்கும். உங்கள் நேரம் ஒரு நிமிடம்கூட அதற்குத் தேவைப்பட்டிருக்காது. கடைக்குப் போய்வந்த நேரம்தான் வீண். பேத்தி வந்து கேள்வி கேட்கிற கௌரவத்தை அத்தைக்கும் இல்லாமல் செய்துவிட்டீர்கள். வீட்டுப் பெரியவர்களை மூலையில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்த சார்ட் பொழுதுபோக்கு வேலை என்று நினைத்துவிட்டீர்கள். நம் மாநிலத்தில் முப்பருவ முறை 2012-13இல் வந்தபோதே நூறு மதிப்பெண்ணில் 60 பருவத் தேர்வுக்கு, 40 பருவம் முழுக்கப் பிள்ளை செய்கிற வேலைக்கு என்று பிரித்துவிட்டார்கள். டீச்சர்கள் எஃப்.ஏ. என்பது இந்த 40ஐத்தான். பிள்ளை கேட்டாளா, கவனித்தாளா, தன் வாயால் சொல்லத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக வைத்தது. அதை அம்மா செய்து கொடுத்தால் டீச்சர் யாரை மதிப்பிடுவார்? உங்கள் பள்ளி டீச்சர் சார்ட்டின் அழகைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடாமல் பிள்ளையை நிறுத்திக் கேட்டிருக்கிறார். நல்ல டீச்சர். அப்படிக் கேட்கிறவர் கிடைப்பது சாதாரணமில்லை.

'மொட்டு' என்றதும் உங்களுக்குச் சுருக்கென்றிருக்கிறது. அது உங்கள் பள்ளி கண்டுபிடித்ததில்லை. 2022இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை உண்டு. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்காமல், அவளுக்கு எதுவரை வருகிறது என்று பார்த்து அங்கிருந்து சொல்லித்தருவதற்கான ஏற்பாடு. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்ததில் பிள்ளைகள் எழுத்தை மறந்து போனதால் வந்தது. மொட்டு என்றால் அவள் தமிழில் இன்னும் மூன்றாம் வகுப்புப் பாடத்துக்கு வந்து சேரவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். ஏ கிரேடு போட்டு உங்களை மகிழ்வித்து அனுப்புகிற இடம்தான் வேண்டுமென்றால் அப்படிப்பட்ட பள்ளிகளுக்கும் பஞ்சமில்லை. தமிழில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய் விட்டால் இரண்டும் கைக்கு வராது.

ஜெபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடத்திட்டமும் புத்தகமும் அரசு கொடுப்பவை, நிர்வாகம் மட்டும் சபையுடையது. வழக்கமாகக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுபிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. மனம் ஒப்பவில்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

ஆனால் அந்தச் சபை எதை நம்பிப் பள்ளி நடத்துகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளைக்கு முதல் ஆசிரியர் பெற்றோர்தான், அவர்கள் தவறவிட்டதை வேறு எவராலும் எளிதில் ஈடுகட்ட முடியாது என்கிறது. நான் எந்த மதத்துக்காகவும் பேசவில்லை; இதை அப்படியே ஏற்கிறேன். பாட்டியிடம் கேட்டு வா என்று பள்ளி அனுப்புவது உங்கள் வீட்டை மதித்துத்தான். வீட்டிலிருந்து போனது கடைச் சரக்கு.

உங்கள் கணவருக்கும் இதில் பங்குண்டு. ஷிப்ட் என்றாலும் வார விடுமுறை இருக்குமே. அன்று அரை மணி நேரம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். செல்போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

நாளைக் காலை மகளோடு பள்ளிக்குப் போங்கள். அவள் பக்கத்தில் நிற்கும்போதே டீச்சரிடம், 'அந்த சார்ட்டை நான்தான் செய்தேன், இவள்மேல் தப்பில்லை' என்று சொல்லுங்கள். மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். தமிழில் எந்த இடத்தில் தடுமாறுகிறாள், வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலம் அவளை அத்தையிடம் உட்கார வைத்து ராகிக் கதையை முதலிலிருந்து கேட்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையோடு எழுதினாலும் அவளே எழுதட்டும், நீங்கள் பென்சிலைத் தொடக் கூடாது. மூன்றாம் பருவம் முடியும்வரை இப்படி நடக்கட்டும். அதற்குப் பிறகும் டி.சி. வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், அப்போது பள்ளியைப் பற்றிப் பேசலாம்.