கவச வண்டியில் போவதால் காலாட்படை வீரரின் போர்த்திறன் குறையுமா?

வண்டியால் மட்டும் குறையாது. பயிற்சி முழுவதும் வண்டியைச் சுற்றியே நடந்தால் கட்டாயம் குறையும். 1979 டிசம்பர் முதல் 1989 பிப்ரவரி வரை ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் படையைப் பாருங்கள்.

அவர்களுடைய பி.எம்.பி-1 என்ற கவச வண்டி, ஐரோப்பியச் சமவெளிப் போரை மனதில் வைத்து 1960களில் உருவானது. வண்டியை இயக்கும் மூவர் போக, பின்னால் எட்டுப் பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். பக்கவாட்டுத் துளைகளில் துப்பாக்கியை நீட்டி, ஓடும் வண்டியிலிருந்தே சுடலாம். இறங்கினாலும் வண்டியை ஒட்டி வரிசையாக முன்னேறத்தான் பழக்கியிருந்தார்கள்.

ஆப்கன் மலைப்பாதையில் இது கைகொடுக்கவில்லை. சோவியத் படையை எதிர்த்த ஆப்கன் போராளிகளான முஜாஹிதீன்கள் சுட்டதோ வண்டி ஏற முடியாத சரிவுகளிலிருந்து. நடந்தே ஏறி, பாறை மறைவில் பதுங்கி, சுற்றி வளைக்க மோட்டார் ரைபிள் படையினர் (வண்டியில் செல்லும் சோவியத் காலாட்படை) பலருக்குப் பழக்கமில்லை. வண்டியை விட்டு விலகவே தயங்கினார்கள். கண்ணிவெடிக்குப் பயந்து உள்ளே உட்காராமல் கூரைமேல் ஏறிப் போனார்கள் என்பது இன்னும் வேதனை. மலையேறிச் சண்டையிடும் சுமை பெரும்பாலும் பாராசூட் படை, உளவுப் பிரிவுகள் தலையில் விழுந்தது.

பிறகு வந்த பி.எம்.பி-2, தன் 30 மி.மீ. பீரங்கியை ஏறக்குறைய செங்குத்தாக உயர்த்திச் சரிவுகளை நோக்கிச் சுடும். அது பெரிய உதவிதான். ஆனாலும் அந்தச் சரிவில் ஏறிப் பாறை இடுக்குகளைத் தேடிப்பார்க்க ஆள்தான் போயாக வேண்டும். அந்தப் பயிற்சிதான் அவர்களிடம் குறைவாக இருந்தது.