கோயில் சுவரோவியத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. குளோரின் போட்டுக் கழுவலாமா?

தயவுசெய்து கழுவ வேண்டாம். நாங்கள் கழுவி இழந்தவர்கள்.

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊர். போர் முடிந்து 2010இல் மீள்குடியேறியபோது கண்ணகி அம்மன் கோயில் மண்டபத்துக்குக் கூரை இல்லை. இரண்டு மாரி நேராகச் சுவரில் இறங்கியிருந்தது. ஓவியத்தின் அடியில் பச்சைப் பாசி, மேலே கறுப்புப் புள்ளிகள். கிணறு இறைத்தபின் போடத் தந்த குளோரினைக் கரைத்து, தும்புத்தடியால் தேய்த்தோம். ஒரு மணித்தியாலத்தில் சுவர் பளிச்சென்று வந்தது. அம்மனின் முகம் தண்ணீரோடு போய்விட்டது.

ஏன் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். காய்ந்த சுண்ணாம்புச் சுவரில் தீட்டும்போது நிறப்பொடியைப் பிடித்து வைப்பது பிசின் அல்லது வச்சிரம் என்ற விலங்குப் பசை. பூஞ்சணத்துக்கு அதுதான் சாப்பாடு. தின்றபடியே ஒக்ஸாலிக் போன்ற அமிலங்களைச் சுரந்து சுண்ணாம்பையும் அரிக்கும். அதன் இழைகள் நிறத்துக்கு அடியிலும் புகுந்துவிடும். கடைசியில் பிடிப்பு விட்ட நிறம் அந்த இழைகளோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். பூஞ்சணத்தைத் தேய்த்தால் ஓவியமும் கூடவே வரும்.

மருந்தடித்தால் தீருமா? ஆதிமனிதர் தீட்டிய ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகையைப் பாருங்கள். 1940இல் கண்டுபிடித்தார்கள். ஆட்களின் மூச்சும் விளக்கு வெளிச்சமும் பச்சைப் பாசியைக் கொண்டுவர, 1963இல் பொதுமக்களுக்கு மூடினார்கள். 2001இல் வெள்ளைப் பூஞ்சணம் பரவியது. கிருமிநாசினி அடித்தார்கள். சில வருஷத்தில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன.

ஆகவே முதலில் தண்ணீர் வரும் வழியைப் பிடியுங்கள். ஓடு ஒழுகுகிறதா, பீலி உடைந்திருக்கிறதா, சுவரடியில் வெள்ளம் நிற்கிறதா என்று மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள். சுவரின் அடியில் யாராவது சீமெந்து பூசியிருந்தால் அதையும் கவனியுங்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட வேண்டும். சீமெந்து அடைத்தால் நிலத்து ஈரம் வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறி ஓவியத்துக்கு வந்துவிடும். ஈரத்தை வழிமறித்தபின் சுவர் தானாக, மெல்லக் காயட்டும். காற்றாடி வைத்து அவசரமாகக் காயவைத்தால் உப்புப் பூத்து நிறத்தை உதிர்க்கும்.

அப்புறம் பகல் வெளிச்சத்தில் கிட்டவாகப் படமெடுத்து வையுங்கள். சுத்தம் செய்வதைச் சுவரோவியப் பாதுகாப்பு படித்தவரிடம் விடுங்கள். அதுவரை துணிகூடப் படக் கூடாது.

எங்கள் சுவரில் சிலம்பு பிடித்த கை மட்டும் மிஞ்சியது. அந்த மூலைக்குத் தும்புத்தடி எட்டவில்லை. அதில் கறுப்புப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. கூரை போட்டபின் அவை பெருகவில்லை.