பல்கலைக்கழக மைதானத்தை ஊருக்கும் திறப்பது எப்படி? கேள்வி பதில்

மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஆடும் விளையாட்டு மையத்தைப் பல்கலைக்கழக வளாகத்தில் அமைப்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

பல்கலைக்கழகக் கட்டடப் பிரிவிலிருந்து: நிதி வந்திருக்கிறது சார். முதலில் உள்விளையாட்டு அரங்கம் கட்டிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு நோட்டுப் போட்டு, இரண்டு வாரத்துக்குக் காலை 5 முதல் இரவு 9 வரை மணிக்கு மணி யார் வருகிறார்கள், என்ன ஆடுகிறார்கள் என்று எழுத வையுங்கள். பெரும்பாலும் காலை 8 மணி வரையும் மாலை நாலரைக்குப் பிறகும்தான் நெரிசல் இருக்கும். நடுப்பகலில் மைதானம் காலியாகக் கிடக்கும். வகுப்பு முடிந்த மாணவருக்கும் வேலை முடிந்த ஊர்க்காரருக்கும் வேண்டியது அதே மாலை நேரம்தான். இருட்டியதும் எல்லாரையும் வெளியே அனுப்பினால், எத்தனை கட்டடம் கட்டினாலும் இடச்சண்டை தீராது. அதனால் முதல் செலவு விளக்குக்குத்தான்.

வாலிபாலுக்குக் கணக்குப் பார்ப்போம். ஆடுகளம் 18க்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24க்கு 15, அதாவது 360 சதுர மீட்டர். பயிற்சிக்கு 200 லக்ஸ் போதும், அதாவது ஒரு சதுர மீட்டர் தரையில் 200 லூமென் வெளிச்சம். ஆக 72,000 லூமென் தரையில் விழ வேண்டும். வெளியே சிதறுவதிலும் தூசியிலும் பாதிக்கு மேல் போய்விடும் என்பதால் விளக்குகளில் 1,80,000 லூமென் இருக்கட்டும். வாட்டுக்கு 120 லூமென் தரும் எல்இடி என்றால் 1,500 வாட். நான்கு கம்பம், கம்பத்துக்கு இரண்டு 200 வாட் விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் எரிந்தால் 5 யூனிட்கூட ஆகாது. கம்பங்களை 3 மீட்டருக்கு வெளியே, நீளப் பக்கங்களில் நடுங்கள். முனைக்கோட்டுக்குப் பின்னால் நட்டால், பந்தைப் பார்க்க நிமிர்கிறவர் கண்ணில் விளக்குதான் அடிக்கும்.

நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் சிந்தெடிக் டிராக்கிலேயே நடக்கிறார்கள். தடுத்தால் சண்டை வருகிறது.

தடுத்தால் மட்டும் போதாது, நடக்க வேறு இடம் கொடுக்க வேண்டும். எல்லாரும் உள் ஓரமாகவே நடப்பதால் முதல் லேன்தான் முதலில் தேயும். 400 மீட்டர் ஓட்டத்துக்கு அளவு பார்ப்பதும் அதே லேனில்தான்.

எட்டாவது லேனுக்கு வெளியே ஒரு மீட்டர் விட்டு, 3 மீட்டர் அகலத்துக்கு மண்பாதை போடுங்கள். லேன் ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் என்பதால், பாதையின் நடுவில் ஒரு சுற்று சுமார் 475 மீட்டர் வரும். இதைப் பலகையில் எழுதி வையுங்கள். நடப்பவர்களுக்குச் சுற்றுக் கணக்கு முக்கியம். 20 செ.மீ. தோண்டி, கீழே 10 செ.மீ. ஜல்லி போட்டு ரோலர் ஓட்டுங்கள். மேலே 10 செ.மீ. கிராவலை இரண்டு அடுக்காகத் தண்ணீர் தெளித்து இறுக்குங்கள். வெளிப்பக்கம் 6 செ.மீ. சரிவு, இரு ஓரமும் கல் விளிம்பு, சரிவின் அடியில் வடிகால். வடிகாலை மிச்சப்படுத்தினால், ஐப்பசி மழையில் மண் கரைந்து கல் மட்டும் நிற்கும். கால் உறுத்துகிறது என்று எல்லாரும் மறுபடி டிராக்குக்கே வந்துவிடுவார்கள்.

ஊர்க் கபடிக் குழு மேட் கேட்கிறது. வெளியில் விரிக்கலாமா?

நிரந்தரமாக விரித்து வைக்காதீர்கள். வெயில் பட்டால் நுரை மேட் விறைத்து ஓரம் சுருளும். பிறகு இணைப்புப் பற்கள் பிடிக்காது. கூரை இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஆண்கள் ஆடுகளம் 13க்கு 10 மீட்டர். சுற்றிலும் ஒரு மீட்டர் சேர்த்தால் 15க்கு 12, ஒரு மீட்டர் சதுர மேட் 180 வேண்டும். உடைவுக்குப் பத்து கூடுதலாக வாங்கி வையுங்கள், பிறகு அதே அச்சில் கிடைக்காது. தினமும் ஈரத்துணியால் துடைக்க ஆள் வேண்டும். மண் படிந்த மேட் வழுக்கி முழங்கால் திரும்பும். கூரை இல்லையென்றால் ஓர் அடி தோண்டி, கல் பொறுக்கி, சலித்த மண்ணை நிரப்புங்கள். நல்ல மண் களம் மோசமான மேட்டைவிட எவ்வளவோ மேல்.

பதிவாளர் அலுவலகம்: வெளியாட்கள் வந்தால் விடுதிப் பாதுகாப்பு என்ன ஆவது?

மையத்துக்குப் பொதுச் சாலையிலிருந்து தனி வாசல் வையுங்கள். வகுப்பறை வழியாகவோ விடுதி வழியாகவோ ஊர்க்காரர் நடக்கவே கூடாது. நடுவில் வேலி, வண்டி நிறுத்தமும் வாசலிலேயே. புகைப்பட அட்டையில் நேரப் பிரிவுக்கு ஒரு நிறம் கொடுங்கள், காவலாளி தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். அந்த வாசலில் ஆம்புலன்ஸ் நுழைய வேண்டும். ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் சாவி காவலாளி இடுப்பில் இருக்க வேண்டும்.

18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதம், பயிற்சியாளருக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு இரண்டும் கட்டாயம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் விடுவதும் தண்டனைக்குரியது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பெண்களுக்கு என்று நேரம் ஒதுக்கியும் வருவதில்லை, ஏன்?

கழிப்பறை எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், வாசலிலிருந்து களம் வரை விளக்கு எரிகிறதா? இந்த மூன்றையும் பார்த்துவிட்டுப் பிறகு ஆர்வத்தைப் பற்றிப் பேசலாம். உடை மாற்றும் அறை களத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வாலிபால் வலையை ஆண்களுக்கான 2.43 மீட்டர் உயரத்திலேயே விட்டுவைக்காமல், அவர்கள் நேரத்தில் 2.24க்கு இறக்குங்கள். பெண் பயிற்சியாளர் வேண்டுமென்றால் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரைக் கேட்டுப் பாருங்கள்.

கட்டணம் வாங்கலாமா?

வாங்கலாம். நடப்பவர்களிடம் பெயரளவுக்கு ஆண்டுச் சந்தா, குழுக்களிடம் மணிக் கட்டணம், பக்கத்து அரசுப் பள்ளிக்கு இலவசம். ஆனால் அந்தப் பணம் பொதுக்கணக்கில் கலந்துவிட்டால், கிழிந்த வலை மாற்றவும் கோப்பு மாதக்கணக்கில் நகரும். ஆட்சிக்குழு ஒப்புதலோடு தனிச் சுழல்நிதி, அதாவது வரும் கட்டணத்தை மையத்துக்கே திரும்பச் செலவழிக்கும் கணக்கு, தொடங்குங்கள். பதிவு செய்த நேரத்துக்கு இரண்டு முறை சொல்லாமல் வராத குழுவின் இடம் காத்திருப்பவருக்குப் போகும் என்பதும் விதியாக இருக்கட்டும். கிரிக்கெட்டை வலைக்குள் வையுங்கள். முழு ஆட்டம் ஞாயிறு மட்டும். இல்லாவிட்டால் இருபத்திரண்டு பேர் மொத்த மைதானத்தையும் எடுத்துக்கொள்வார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு?

சாய்தளம் 1க்கு 12 (ஒரு அடி உயர 12 அடி நீளம்), கதவு 90 செ.மீ. அகலம். அமர்ந்து ஆடும் வாலிபாலுக்கு 10க்கு 6 மீட்டர் களம் போதும். அரங்கத்துக்குள் கோடு போட்டால் ஆயிற்று.

சரி, அரங்கமே கட்டுவதென்றால் பாட்மிண்டனுக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

களம் 13.40க்கு 6.10 மீட்டர். சுற்றிலும் 2 மீட்டர் விட்டு நான்கு களம் வரிசையாகப் போட்டால் உள்ளளவு 34.4க்கு 17.4 வரும். உயரம் 9 மீட்டர். அந்த உயரத்துக்குள் உத்தரமோ மின்விசிறியோ தொங்கக் கூடாது. சுவருக்கு வெள்ளை அடித்தால் இறகுப்பந்து தெரியாது, கரும்பச்சையோ நீலமோ அடியுங்கள். விளக்குகள் களத்தின் இரு பக்கமும் ஓடட்டும், தலைக்கு மேல் வேண்டாம். கான்கிரீட்டின் மேல் நேராக மேட் ஒட்டுவது முழங்காலுக்குக் கேடு. நடுவில் மரச்சட்டமும் ரப்பர் அடியும் வேண்டும். தரைக்குக் கீழே ஈரத்தடுப்புத் தாள் போடாவிட்டால் மரம் உப்பி எழும்பும்.

பருவத் தேர்வுக்கு அந்த அரங்கத்தைக் கேட்பார்களே?

கட்டாயம் கேட்பார்கள். இரும்பு மேசைக் கால் இழுபட்டால் ஒரே நாளில் மேட் கிழியும். தரை முழுவதும் ஒட்டுப்பலகை விரித்து, மேசைக் கால்களுக்கு ரப்பர் மூடி போட்ட பிறகே மேசையை உள்ளே விடுவது என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள். அந்தப் பலகைக்கான செலவு தேர்வுத் துறைக் கணக்கில் போகட்டும்.