சாப்பிடாத இரவில் சர்க்கரை இறங்கியது ஏன்?

வணக்கம். கிளிமிபிரைடு என்னும் நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவு உணவைத் தவிர்த்த உங்கள் தந்தையாருக்குச் சர்க்கரை 54-க்கு இறங்கி வியர்த்துக் கொட்டியதாகவும், முன்பு சிட்டாகிளிப்டின் என்னும் வேறொரு நீரிழிவு மாத்திரையை மட்டும் எடுத்தபோது பட்டினி கிடந்தும் இப்படி ஆனதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே இன்சுலினைச் சுரக்க வைப்பவைதானே என்ற உங்கள் கேள்வி மிக நியாயமானது.

இயல்பாக, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் நுழையும் குளுக்கோஸ் எரிந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி பெருகும்போது, அது செல் சவ்விலுள்ள பொட்டாசியம் வாயிலை அடைக்கிறது. அதனால் சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் வாயில்கள் திறந்து, உள்ளே பாயும் கால்சியம் இன்சுலின் நிறைந்த நுண்பைகளைச் சவ்வோடு இணைத்து வெளியே கொட்ட வைக்கிறது. கிளிமிபிரைடு அந்தப் பொட்டாசியம் வாயிலைத் தானே நேரடியாக அடைத்துவிடுவதால், இரத்தத்தில் குளுக்கோஸ் குறைந்த பின்னும் இன்சுலின் வந்துகொண்டிருக்கும். சிட்டாகிளிப்டினோ ஜிஎல்பி-1 என்னும் குடல் ஹார்மோன் சிதையாமல் காக்கிறது. அந்த ஹார்மோன், செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி வழியாக, குளுக்கோஸ் தொடங்கிவைத்த சுரப்பைப் பெருக்குமே தவிர, தானாகத் தொடங்கிவைப்பதில்லை.

மீண்டும் இறங்கினால், அவர் விழுங்கும் நிலையில் இருக்கும்வரை, 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். மாத்திரையின் விளைவு ஒரு நாள் வரை நீடிக்கக்கூடும் என்பதால் பிறகு உணவும் அவசியம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், இந்த வாரமே மருத்துவரிடம் இதைச் சொல்லிச் சிறுநீரகப் பரிசோதனையையும் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இம்மருந்தின் விளைவு கூடும்.