ரிப்போர்ட்டில் 80 சதவீதம் புரதம்: லேப் எதை அளந்தது?

கேள்வி: ஆன்லைனில் ஒரு புரோட்டீன் பவுடர் வாங்க நினைக்கிறேன். கேட்டதும் விற்பவர் லேப் ரிப்போர்ட் அனுப்பிவிட்டார். "புரதம் (நைட்ரஜன் × 6.25), உலர் எடையில்: 80%", "ஈயம்: கண்டறியப்படவில்லை" என்று இருக்கிறது. லேபே சொல்லிவிட்டது, நம்பி வாங்கலாம்தானே?

பதில்: ரிப்போர்ட் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் படியுங்கள். லேப் அளந்தது நைட்ரஜனை. புரதம் என்பது அதிலிருந்து போட்ட கணக்கு.

கெல்டால் என்ற டென்மார்க் வேதியியலாளர் 1883-ல் வெளியிட்ட முறை இது. ஒரு கிராம் அளவு பொடியை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க விடுவார்கள். முதலில் கரியாகக் கறுக்கும், சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதற்குள் பொடியிலிருந்த நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறியிருக்கும். காரம் சேர்த்தால் அம்மோனியா வெளியேறும். அதைப் பிடித்து அளப்பார்கள். புரதத்தில் சராசரியாக 16% நைட்ரஜன் இருப்பதால், கிடைத்த அளவை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். பொடியை எரித்து நைட்ரஜன் வாயுவை அளக்கும் டூமா முறை இன்னும் வேகமானது, ஆனால் அதுவும் அளப்பது நைட்ரஜனைத்தான்.

சிக்கல் இங்கேதான். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இந்த முறைகளுக்குத் தெரியாது. அமினோ அமிலங்கள் கோத்துத்தான் புரதம் உருவாகிறது. அவற்றில் கிளைசின் என்ற மலிவான ஒன்றைத் தனியாக ஒரு கிராம் கலந்தால், கணக்கில் அது ஏறத்தாழ 1.17 கிராம் புரதமாக ஏறும். புரதமே அல்லாத, உடற்பயிற்சி செய்பவர்கள் சாப்பிடும் கிரியேட்டினை ஒரு கிராம் கலந்தால் 2 கிராம்! 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்ததும் இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான். தட்டு, கிண்ணம் செய்யும் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள் அது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலும் புரதச் சோதனையில் தேறியது. ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அதனால்தான் இந்த விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, என்ன கேட்க வேண்டும்? அமினோ அமிலப் பகுப்பாய்வு ரிப்போர்ட் கேளுங்கள். அமிலத்தில் 110 டிகிரி சூட்டில் சுமார் 24 மணி நேரம் வைத்துப் புரதத்தை உடைத்து, குரோமட்டோகிராபி கருவியில் ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் தனித்தனியாகப் பிரித்து அளப்பார்கள். கூடவே "தனி அமினோ அமிலங்கள்", அதாவது உடைக்காமலே பொடியில் உதிரியாகக் கிடப்பவை எவ்வளவு என்ற அளவும் வேண்டும். இது மிக முக்கியம். உடைத்த பிறகு பார்த்தால், புரதத்திலிருந்து வந்த கிளைசினும் வெளியிலிருந்து கொட்டிய கிளைசினும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

"உலர் எடையில்" என்பதையும் கவனியுங்கள். ஈரப்பதம் 5% என்றால், டப்பாவில் இருக்கும் பொடியில் அந்த 80 என்பது 76 ஆகிவிடும். ஏமாற்று அல்ல, ஆனால் நீங்கள் ஸ்கூப்பில் அள்ளுவது உலர்த்திய பொடியை அல்லவே.

அப்புறம் ஈயம். "கண்டறியப்படவில்லை" என்றால் சுத்தமாக இல்லை என்று அர்த்தமில்லை. அந்தக் கருவியும் முறையும் காட்டக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். அந்த எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால், 30 கிராம் ஸ்கூப்பில் கிட்டத்தட்ட 30 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலும் அதே வாசகம்தான் வரும். தினமும் சாப்பிடும் பொருளுக்கு இது போதாது. ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் இதைவிடப் பல மடங்கு நுட்பமாகப் பார்க்க முடியும். கண்டறியும் எல்லை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வரியை இல்லாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானே வாங்கி லேபுக்கு அனுப்பினால்?

பதில்: தாராளமாக. ஐ.எஸ்.ஓ. 17025 (சோதனைக்கூடங்களுக்கான சர்வதேசத் தரம்) அங்கீகாரம் பெற்ற லேபா என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரித்த டப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளி அனுப்பினால், வெளியே ஏதோ கலந்துவிட்டது என்று விற்பவர் சொல்ல வழி கிடைத்துவிடும். சீல் பிரிக்காத டப்பாவை அப்படியே அனுப்புங்கள், அதே பேட்ச்சில் இன்னொன்றைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் தந்த ரிப்போர்ட்டில் இருக்கும் பேட்ச் எண் உங்கள் டப்பாவில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால், அது வேறொரு பொடியின் ரிப்போர்ட்.