ரீஃபண்ட் இல்லாத விமான டிக்கெட், அதிலும் அப்கிரேட் ஆனது. விமான நிறுவன ஊழியர் மனது வைத்தால் தேதி மாற்றித் தருவாரா?

தருவார், ஆனால் மனது மட்டும் போதாது. சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் 11 வருடம் டிக்கெட் போட்டவன் நான்.

தேதி மாற்றும்போது இரண்டு தொகை வரும்: அபராதம், கட்டண வித்தியாசம். அபராதத்தைத் தள்ளுபடி செய்ய விமான நிறுவனத்தின் சூப்பர்வைசர் ஒரு வெய்வர் கோட் தரலாம். அந்தக் கோடைப் பதியாமல் நாங்கள் ரீஇஷ்யூ செய்தால் (புதிய தேதிக்கு டிக்கெட்டை மறுபடி போட்டால்), பிறகு ஒருநாள் அந்தப் பணத்தை எங்களிடமே கேட்டு டெபிட் மெமோ வரும். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் ஏ.டி.எம்., அதாவது ஏஜென்சி டெபிட் மெமோ. (பணம் தராது, பிடுங்கும்.) கட்டண வித்தியாசம் அப்படியல்ல. நீங்கள் வாங்கிய கிளாஸ் (எகானமிக்குள்ளேயே இருக்கும் விலைப் பிரிவு) புதிய தேதியில் தீர்ந்திருந்தால் அடுத்த கிளாஸின் விலையைக் கட்ட வேண்டியதுதான். இதில் யாரும் எளிதில் இறங்கி வரமாட்டார்கள்.

பறந்து சேர்த்த மைல்ஸ் (புள்ளிகள்) கொடுத்து பிசினஸ் கிளாஸுக்குப் போனாலும் அடியில் இருப்பது பழைய எகானமி டிக்கெட்தான். மாற்றும்போது அதன் விதிதான் பேசும். அப்புறம் புதிய விமானத்தில் அப்கிரேடுக்கென்று திறந்துவிட்ட இடமும் இருக்க வேண்டும். "பிசினஸ்ல பத்து சீட் காலியா காட்டுதே சார்" என்று எத்தனையோ பேர் என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். காலியாக இருப்பது காசுக்கு விற்க வைத்திருக்கும் சீட்.

ஒருமுறை, ஐரோப்பா வழியாக பாஸ்டன் போகவேண்டிய ஒருவரின் அப்பா திடீரென்று ஐ.சி.யூ.வில். இதே மாதிரி டிக்கெட்தான். நான் விமான நிறுவனத்துக்கு இரண்டு முறை போன் செய்தபோதும் "ரூல்ஸ்ல இடமில்ல சார்" என்றார்கள். மூன்றாவது முறை எடுத்த பெண் பி.என்.ஆரைத் திறந்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இவரோட இரண்டாவது ஃபிளைட் டைம் மாறியிருக்கு, கனெக்‌ஷன் கிடைக்காது. கவனிச்சீங்களா சார்?" என்றார். நான் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. நேரத்தை மாற்றியது நிறுவனம் என்பதால் அபராதமும் இல்லை, வித்தியாசமும் இல்லை. ஐந்து நாள் தள்ளி அதே பிசினஸில் போட்டுக் கொடுத்தார். எந்த விதியையும் அவர் மீறவில்லை, சரியான விதியைத் தேடினார், அவ்வளவுதான்.

அதனால் முதலில் உங்கள் விமான நேரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் மறுத்தால் நன்றி சொல்லி வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள். ஏஜென்ட்டிடம் வாங்கியிருந்தால் அவரிடமே போங்கள், கவுன்ட்டரில் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எது செய்தாலும் விமானம் கிளம்பும் முன் செய்யுங்கள். விமானத்துக்கு வராமல் நோ ஷோ ஆகிவிட்டால் எங்களால்கூட தேதியை மாற்றித் தருவது பெரும்பாலும் முடியாது.

எதுவும் நடக்காவிட்டால் கேன்சல் செய்துவிட்டு வரியைக் கேளுங்கள். இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டிலும் அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வரவேண்டும். நிறையப் பேர் இதைக் கேட்பதே இல்லை.